கோவைக்கொடி: வேலியோரம் முதல் பந்தல் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுவதற்குக் கோவைக்கொடித் தண்டின் துண்டு கேட்டு வருகிறவர்கள் துண்டோடு சேர்த்து ஒரு சந்தேகத்தையும் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் மிச்சம், கேட்பவருக்கும் மிச்சம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கடையில விக்கிற கோவக்காயும் வேலியில படர்ந்து கிடக்கிற கோவையும் ஒண்ணா?

ஒன்றுதான். இரண்டும் ஒரே இனம், தாவரவியல் பெயர் காக்சினியா கிராண்டிஸ். வேலியில் தானாக முளைத்ததில் கசப்பு இருக்கலாம், காய் சின்னதாக இருக்கலாம். கசப்பில்லாத, சதைப்பற்றான கொடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, துண்டு வெட்டி நட்டு வந்ததுதான் பந்தலில் காய்த்துக் கடைக்கு வருகிறது.

கொவ்வை, கோவை, கோவக்காய், கோவைக்காய் என்று எப்படிச் சொன்னாலும் ஒரே செடிதான். மலையாளத்தில் கோவக்கா, தெலுங்கில் தொண்டகாய, கன்னடத்தில் தொண்டேகாயி, இந்தியில் குந்துரு. வெளிமாநிலக் காய்கறிக் கடையில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

கோவைன்னா ஒரே செடிதானா, இல்ல அதுல நிறைய வகை இருக்கா?

காக்சினியா என்பது ஒரு பேரினம். பூசணி, சுரை, பாகல் எல்லாம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் சுமார் 25 இனங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் மட்டும் வளர்பவை. அந்த ஒன்றுதான் நம்ம கோவை. அது ஆப்பிரிக்காவிலும் உண்டு, ஆசியாவிலும் உண்டு.

இதற்குப் பெயர் வைத்த கதையில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. 1767இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ஐரோப்பாவின் புதர்வேலிகளில் ஏறும் பிரையோனியா என்ற கொடியோடு சேர்த்துவிட்டார். சென்னை மாகாணத்தில் வேலைபார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட், தன் கூட்டாளி வாக்கர் அர்னாட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1834இல் வெளியிட்ட நூலில்தான் காக்சினியா தனிப் பேரினமானது. மற்றபடி வேலியில் கோவை என்று பெயர் ஒட்டிக்கொண்டு திரியும் வேறு கொடிகளும் உண்டு. அவை இந்தப் பேரினமே அல்ல. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

வேலியில இருக்கிறது நிஜக் கோவைதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பூவைப் பாருங்கள். கோவைப்பூ தூய வெள்ளை. மணி மாதிரி குவிந்து நுனியில் ஐந்தாகப் பிரிந்திருக்கும். விரலின் பாதி நீளமாவது இருக்கும், தூரத்திலிருந்தே கண்ணில் படும். இலை வழவழப்பாக, ஐந்து முனைகளோடு இருக்கும். இலையின் அடிப்பக்கம், காம்பு சேரும் இடத்தருகே சின்னச் சின்னச் சுரப்பிகள் தெரியும். அவற்றில் ஊறும் தேனுக்காகத்தான் கோவைக்கொடியில் எப்போதும் எறும்பு ஓடுகிறது. பற்றுக்கம்பி பெரும்பாலும் கிளைக்காமல் ஒற்றையாக இருக்கும்.

குழப்புகிறவை மூன்று. முதலாவது ஐவிரலி, அதாவது ஐவிரல் கோவை. இதன் இலை கைவிரல் விரித்தது போல ஆழமாகப் பிளந்திருக்கும், பற்றுக்கம்பி இரண்டாகக் கிளைக்கும், காய் கோலிக்குண்டு அளவில் உருண்டையாக வெள்ளைக் கீற்றுகளோடு இருக்கும். பழுத்தால் சிவப்பிலும் வெள்ளைக் கீற்று மாறாது. பார்க்க அழகு, வாயில் வைக்காதீர்கள். இரண்டாவது முசுமுசுக்கை. இலை தொட்டால் சொரசொரவென்று இருக்கும், பூ மஞ்சள், பழம் பட்டாணி அளவு. இது உண்ணும் கீரைதான், ஆனால் கோவை இல்லை. மூன்றாவது குறட்டை. இதன் பூவும் வெள்ளைதான், ஆனால் ஓரம் முழுக்க நூல் நூலாகப் பிரிந்திருக்கும், இரவில் மலரும். பழம் பந்து மாதிரி சிவப்பாகத் தொங்கும். அது சமையலுக்கு ஆகாது.

எங்க வீட்டுக் கொடி பூத்துக் கொட்டுது, ஒரு காய்கூட நிக்கலை. உரம் போடணுமா?

அதிகமாக என்னிடம் வரும் கேள்வி இதுதான். உரத்தை மூட்டையோடு திருப்பி வையுங்கள். உங்களிடம் இருப்பது ஆண் கொடி. கோவையில் ஆண் பூ ஒரு கொடியில், பெண் பூ வேறொரு கொடியில். சுரையிலும் பூசணியிலும் ஒரே கொடியில் இரண்டும் வருவதால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஆண் கொடிக்கு எத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றினாலும் காய்க்காது.

பார்த்துத் தெரிந்துகொள்வது சுலபம். பூவுக்குக் கீழே கவனியுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் கோவக்காய் ஒன்று, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, பூ விரியும்போதே இருக்கும். ஆண் பூவின் அடியில் வெறும் காம்பு மட்டும்தான்.

பூக்கிறதுக்கு முன்னாடியே ஆணா பெண்ணான்னு சொல்ல முடியாதா?

இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வகத்தில் முடியும். கோவையின் பால் நிர்ணயம் மனிதனைப் போலவே எக்ஸ், ஒய் குரோமோசோம்களால் நடக்கிறது. மொத்தம் 24 குரோமோசோம்கள். ஆணிடம் இருக்கும் ஒய், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது; நுண்ணோக்கியில் தனியாகத் தெரியும். மனிதனில் ஒய் சிறியது, இங்கே தலைகீழ். தாவரங்களில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் பால் குரோமோசோம் உள்ளவை மிகக் குறைவு என்பதால், வேலியில் கிடக்கும் இந்தக் கொடியை ஆராய்ச்சியாளர்கள் விரும்பிப் படிக்கிறார்கள்.

வீட்டுக்கு வழி வேறு: காய்த்துக்கொண்டிருக்கும் கொடியிலிருந்து மட்டும் துண்டு வாங்குங்கள். கண்ணால் காயைப் பார்த்துவிட்டு வெட்டி வாங்குங்கள். பெண்ணின் துண்டு பெண்ணாகவே வளரும்.

அப்போ பெண் கொடி மட்டும் வெச்சா போதுமா? ஆண் கொடியும் வேணுமா?

பயிரிடும் கோவையில் பல கொடிகள் மகரந்தம் இல்லாமலே காய்பிடிக்கும். அப்படி வரும் காயில் விதை முற்றாமல் இருக்கும், சமைக்க அது நல்லதுதான். எல்லாக் கொடியும் அப்படி இல்லை. சிலவற்றில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். தோட்டமாகப் போடுகிறவர்கள் பத்துப் பெண் கொடிக்கு ஒரு ஆண் கொடி என்ற கணக்கில் வைப்பார்கள்.

மாடியில் ஒரே ஒரு தொட்டி வைப்பவர் ஆண் கொடியைத் தேடி அலைய வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் எங்காவது வேலியில் ஓர் ஆண் கொடி பூத்திருந்தால் தேனீ மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிஞ்சு தொடர்ந்து உதிர்ந்தால் மட்டும் ஆண் பூ ஒன்றைப் பறித்து வந்து காலையில் பெண் பூவில் தொட்டுப் பாருங்கள்.

பழத்துல விதை இருக்கே, அதைப் போட்டே வளர்க்கலாமே?

முளைக்கும். ஆனால் முளைப்பதில் ஏறக்குறைய பாதி ஆணாக இருக்கும், மீதிப் பாதியில் எது கசக்கும் எது கசக்காது என்று தெரியாது. பல மாதம் வளர்த்துப் பார்த்துவிட்டு வெட்டி எறிவதற்கு மனசும் இடமும் இருந்தால் செய்யலாம். புதுவகை உண்டாக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு விதை வேண்டும். நமக்குத் துண்டு போதும்.

துண்டு எப்படி நடறது? எங்கிட்ட மட்டும் அழுகிப் போகுது.

அழுகுவதற்கு முக்கால்வாசி காரணம் இளந்தண்டு. நுனியில் பச்சையாக மினுக்குகிற தண்டை வெட்டாதீர்கள். பென்சில் கனத்தில், லேசாக முற்றி வெளிறிய தண்டாக, நான்கைந்து கணு உள்ளதாக எடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், மிச்சம் வெளியே. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் குழப்பம் இல்லை. மணல் கலந்த மண், நிழல், ஈரம் காயாத அளவுக்குத் தண்ணீர். மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும். அழுகுவதற்கு மிச்சக் காரணம் அதிகத் தண்ணீர்.

துளிர்த்த பிறகு நல்ல வெயிலுக்கு மாற்றிப் பந்தலோ கம்பியோ கொடுங்கள். தொட்டி என்றால் பெரிய பை வேண்டும், ஏனென்றால் அடியில் கிழங்கு திரளும். சூடான பருவத்தில் நட்டால் இரண்டு இரண்டரை மாதத்தில் காய் பார்க்கலாம். குளிர்மாதங்களில் கொடி சோர்ந்து நிற்கும், அதைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கொட்டாதீர்கள். அந்தச் சமயத்தில் பழைய கிளைகளைக் கவாத்து செய்துவிட்டால் வெயில் ஏறும்போது புதுக்கிளை வரும், காயும் அதில்தான். ஒரு கொடி நான்கைந்து வருஷம் தாராளமாக நிற்கும்.

இலை சுருண்டுக்குது, தண்டுல முடிச்சு முடிச்சா வீங்குது. என்ன வியாதி?

இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். இலையை நூலால் இழுத்துச் சுருட்டி உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு பச்சைப் புழு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. கையால் எடுத்துவிடலாம். தண்டு வீக்கம் ஒரு சின்ன ஈயின் வேலை. தண்டுக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளேயே வளரும், அந்த இடம் முடிச்சாகும். வீங்கிய பகுதியை வெட்டி எரித்துவிடுங்கள். மேலே மருந்து அடித்துப் பயன் குறைவு, புழு உள்ளே பத்திரமாக இருக்கிறது.

காய் கோணலாகி உள்ளே அழுகினால் பழ ஈ. கியூலூர் என்ற, ஆண் ஈக்களை இழுக்கும் வாசனைப்பொருள் வைத்த பொறி உதவும். அதைவிட முக்கியம், விழுந்த காயை அங்கேயே விடாமல் பொறுக்கி அழிப்பது.

காய் கசக்குது. வேக வெச்சா சரியாகிடுமா?

ஆகாது. கசப்புக்குக் காரணம் குகர்பிட்டசின் என்ற பொருள், இந்தக் குடும்பத்தின் காட்டுச் செடிகள் பலவற்றிலும் உண்டு. வேகவைத்தாலும் அது போகாது. பாகற்காயின் கசப்பு வேறு பொருளால் வருவது, அதை உதாரணமாகச் சொல்லாதீர்கள். கோவை, சுரை, பீர்க்கு, வெள்ளரி எதுவானாலும் சமைக்கும் முன் துணுக்கு கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரே போயிருக்கிறது. மருந்துதானே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது இந்தக் குடும்பத்துக் காய்களோடு வேண்டாம்.

வெட்டினா உள்ளே சிவப்பா இருக்கு. கெட்டுப்போச்சா? பழத்தைச் சாப்பிடலாமா?

கெடவில்லை, பழுக்கத் தொடங்கியிருக்கிறது. லேசான புளிப்பு வரும், விதை கடிபடும். பொரியலில் மற்ற காயோடு கலந்துவிடலாம். முழுக்கப் பழுத்த பழமும் உண்ணத் தகுந்ததுதான், கசக்காத கொடியாக இருக்கிற பட்சத்தில். கிராமத்துப் பிள்ளைகள் தின்பார்கள், ஆனால் கிளியும் குயிலும் மிச்சம் வைத்தால்தான். ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை, கொழகொழவென்ற அசட்டு இனிப்பு.

இலையை யாராவது சமைக்கிறாங்களா?

நாம்தான் மறந்துவிட்டோம். இலங்கையில் கோவை இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ சேர்த்து உண்பது இன்றும் சாதாரணம். தாய்லாந்தில் இதற்குத் தம்லுங் என்று பெயர். இளங்கொழுந்தைத் தெளிந்த சூப்பில் போடுவார்கள், சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறது. காயைவிட அங்கே இலைக்குத்தான் மதிப்பு.

நம் சமையலுக்கு எளிய வழி, நுனிக்கொழுந்தைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பது. முற்றிய இலை நாராக இருக்கும், தவிர்த்துவிடுங்கள். ஒரு வசதி என்னவென்றால் இலைக்கு ஆண் பெண் பேதம் இல்லை. காய்க்காத ஆண் கொடியை வெட்டி எறிய மனமில்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

கோவை சாப்பிட்டா சுகர் குறையும்ங்கிறாங்களே, உண்மையா?

வாட்ஸப்பில் வருகிற அளவுக்கு இல்லை, ஆனால் வெறும் கதையும் இல்லை. பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட, இன்னும் மருந்து தேவைப்படாத 60 பேர். பாதிப் பேருக்குக் கோவையிலிருந்து ஆல்கஹாலில் பிரித்தெடுத்த சத்து நாளுக்கு 1 கிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, மொத்தம் 90 நாள். கோவை எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 16 சதவீதமும் சாப்பிட்ட பின் சர்க்கரை 18 சதவீதமும் குறைந்தன. 2011இல் வந்த இலங்கை ஆய்வில் நோயில்லாதவர்களுக்கு 20 கிராம் கோவை இலையைத் தேங்காய், உப்போடு கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் குடித்த பிறகு அவர்களுடைய சர்க்கரை மற்றவர்களைவிடக் குறைவாக ஏறியது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலாவதில் கொடுத்தது செறிவாக்கிய சத்து, இரண்டாவதில் இலை. எண்ணெயில் முறுகலாக வறுத்த கோவக்காய் வறுவலை யாரும் சோதிக்கவில்லை. இரண்டும் சிறிய ஆய்வுகள், குறுகிய காலம். இதை வைத்து மாத்திரையை நிறுத்த முடியாது.

நான் மாத்திரை போடறேன். கூடவே தினம் கோவை இலைச் சாறு குடிச்சா நல்லதுதானே?

மேலே சொன்னதைத் திருப்பிப் பாருங்கள். அது உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்கிறது என்றால், மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மீறிக் குறையவும் வாய்ப்பு இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காயைக் குழம்பிலும் பொரியலிலும் போட்டுச் சாப்பிட யாரையும் கேட்க வேண்டாம். தினமும் சாறு என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான். கர்ப்பிணிகளும் சாறு, சூரணம் பக்கம் போகாமல் உணவாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வாய்ப்புண்ணுக்குப் பச்சையா மென்னு துப்பச் சொல்றாங்க. செய்யலாமா?

பல வீடுகளில் செய்கிற கைவைத்தியம்தான். பிஞ்சுக் கோவக்காயை மெல்வதால் கெடுதல் இல்லை, கசப்பு விதி மட்டும் இங்கேயும் பொருந்தும். இரண்டு வாரம் தாண்டியும் புண் ஆறவில்லை என்றால் மெல்வதை விட்டுவிட்டு வாயைக் காட்டுங்கள்.

கோவக்காய் சாப்பிட்டா புத்தி மழுங்கும்னு எங்க மாமியார் பிள்ளைகளுக்குப் போடவே விடமாட்டேங்கிறாங்க.

இது உங்கள் மாமியார் கற்பனை இல்லை. கோவை உடனே அறிவைக் குறைக்கும், வசம்பு உடனே அறிவை வளர்க்கும் என்று வடமொழியில் ஒரு பழைய வாசகமே உண்டு. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் எல்லா இடத்திலும் பரீட்சைக் காலத்தில் இந்தக் காயைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. தினம் தினம் தொண்டகாய வேபுடு, அதாவது கோவக்காய் வறுவல், சாப்பிடும் ஆந்திரப் பிள்ளைகள் கணக்கில் பின்தங்கியதாகவும் தெரியவில்லை. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது என் வேலை இல்லை.

ஸ்கூல்ல போர்டுக்குக் கோவை இலை தேய்ப்போமே, அது எதுக்கு?

மரப்பலகையாக இருந்த காலத்தில் அடுப்புக்கரியோடு கோவை இலையைச் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் பூசுவார்கள். சில ஊரில் ஊமத்தை இலையும் சேரும். இலைச்சாற்றின் பசைத்தன்மையில் கரி பலகையில் ஒட்டிக் காய்ந்து கறுப்பாக நிற்கும், சாக்பீஸ் எழுத்து பளிச்சென்று தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் இலை பறிக்க அனுப்பினால் திரும்பி வர எவ்வளவு நேரமானது என்று அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சிலேட்டைத் துடைக்கவும் இதே இலைதான்.

அடியில கிழங்கு இருக்குன்னு சொன்னீங்க. அதைச் சாப்பிடலாமா?

நம் கோவையின் கிழங்கை நாட்டு மருந்தில் பயன்படுத்துவது உண்டே தவிர, உணவாக யாரும் எடுப்பதில்லை. நீங்களும் வேண்டாம். கிழங்குக்காகவே பயிரிடுவது இதன் உறவுக்காரி ஒன்றை. பெயர் அஞ்சோத்தே, தாவரவியலில் காக்சினியா அபிசினிக்கா. எத்தியோப்பியாவின் மேற்குப் பகுதியில், குறிப்பாக வொல்லேகா பக்கம் ஒரோமோ மக்கள் வளர்க்கிறார்கள். கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, மசாலா சேர்த்துக் காய்ச்சிய வெண்ணெயோடு விருந்துகளில் பரிமாறுகிறார்கள். அதில் கால்சியம் அதிகம். எலும்பு முறிந்தவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு, நம் ஊரில் எலும்புக்குப் பிரண்டை என்பதைப் போல.

ஒரே பேரினம் என்பதற்காக ஒன்றின் கிழங்கு உணவானால் இன்னொன்றின் கிழங்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவுல இருக்கிற பொண்ணுக்கு ஒரு துண்டு அனுப்பலாம்னு இருக்கேன்.

தயவுசெய்து வேண்டாம். நம் வேலியில் ஆடு கடித்து, புழு தின்று, வெயிலில் காய்ந்து அடங்கிக் கிடக்கிற கொடி இது. எதிரிப் பூச்சிகள் இல்லாத ஊருக்குப் போனால் இதன் குணமே வேறு. ஹவாய் தீவுகளில் வீட்டுத் தோட்டத்திலிருந்து தப்பிய கோவை மரங்களையும் மின்கம்பங்களையும் மூடிப் போர்த்திவிட்டது. அங்கே இது சட்டப்படி தீங்குக்களை. அதைக் கட்டுப்படுத்தவே கென்யாவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்தார்கள். 1996இல் தண்டைக் குடையும் ஓர் அந்துப்பூச்சியையும் 1999இல் இரண்டு கூன்வண்டு இனங்களையும் விட்டார்கள். குவாம், சைப்பான் தீவுகளிலும் இதே தொல்லை. போதாததற்கு மேலே சொன்ன பழ ஈ இந்தக் கொடியில் பெருகி மற்றத் தோட்டங்களுக்கும் போகிறது.

பறவை விதையைப் பரப்பும், கிள்ளிப்போட்ட தண்டு வேர்விடும். அதனால்தான் செடித்துண்டு அனுப்புவதைச் சுங்கத்தில் தடுக்கிறார்கள். காய் வேண்டுமென்றால் அங்கே இந்தியக் கடைகளில் தின்டோரா என்ற பெயரில் கிடைக்கும், உறையவைத்த பொட்டலமாகவும் கிடைக்கும்.

வேலிக் கோவையை மொத்தமா எடுக்கணும். வெட்டி வெட்டிப் பார்க்கிறேன், மழை பெய்ஞ்சா மறுபடி வருது.

மேலே வெட்டினால் வரத்தான் செய்யும், உயிர் கிழங்கில் இருக்கிறது. மழை பெய்து மண் இளகிய சமயத்தில் தண்டைப் பிடித்து அடிவரை தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். வெட்டிய தண்டுகளை ஈரமண்ணில் குவிக்காமல் வெயிலில் காயப்போட்டுவிட்டு எரியுங்கள், இல்லையென்றால் குப்பைமேட்டில் புதுக் கோவைத்தோட்டம் உருவாகிவிடும்.

அதற்கு முன் பூவின் அடியைப் பார்த்துவிடுங்கள். பெண்ணாக இருந்து, காயும் கசக்காமல் இருந்தால் இரண்டு துண்டு வெட்டி வைத்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். கசப்பில்லாத கொடிக்கு வாங்க ஆள் உண்டு. கிளுவை வேலி போய்க் கம்பி வேலி வந்த ஊர்களில் இப்போது ஒரு நல்ல துண்டு கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.